டி-ஷர்ட் வடிவமைப்பு மென்பொருளும் தமிழ் எழுத்தும்

டி-ஷர்ட்டில் அச்சிடவேண்டிய படத்தையும் வாசகத்தையும் கணினியில் உருவாக்கப் பயன்படும் செயலிகள் பொதுவாக வரைகலை மென்பொருள்கள் எனப்படுகின்றன. எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது என்பது ஆங்கில வாசகம் அச்சிடுவோருக்குப் பெரும்பாலும் விலையையும் வசதியையும் பொறுத்த கேள்வி. தமிழ் வாசகம் அச்சிடுவோருக்கு அதனுடன் இன்னொரு கேள்வியும் சேர்ந்தே இருந்து வந்துள்ளது: அந்த மென்பொருள் தமிழ் எழுத்தை உடைக்காமல் காட்டுமா? 1990களிலிருந்து இன்றுவரை தமிழர்கள் எந்த வரைகலை மென்பொருளைப் பயன்படுத்தினார்கள் என்பதைப் பெருமளவு முடிவுசெய்தது இக்கேள்வியே. புதுச்சேரியின் காலாப்பட்டு போன்ற கல்வி நிறுவனங்கள் சூழ்ந்த ஊர்களில் மாணவர்கள் தங்கள் துறைக்கும் விழாவுக்கும் டி-ஷர்ட் வடிவமைக்க முனையும்போது இக்கேள்வி இன்றும் எழுகிறது.

டி-ஷர்ட்டும் திருப்பூரும்

டி-ஷர்ட் முதலில் உள்ளாடையாகவே இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படையினர் சீருடைக்குள் அணிந்த வெள்ளைப் பருத்திச் சட்டையிலிருந்து இது பரவியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வெளியாடையாக மாறியது. மார்பிலும் முதுகிலும் எழுத்தும் படமும் அச்சிடும் வழக்கம் அதன்பின் வேரூன்றியது.

இந்தியாவில் பின்னலாடைத் தொழிலின் மையம் திருப்பூர். பேச்சுவழக்கில் பனியன் எனப்படும் உள்ளாடையை நெய்து நாடெங்கும் அனுப்பிவந்த இவ்வூர் 1970களின் இறுதியில் ஏற்றுமதியில் இறங்கியது. திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் 1990இல் தொடங்கப்பட்டது. துணி பின்னுதல், சாயமேற்றுதல், வெட்டுதல், தைத்தல் ஆகியவற்றோடு அச்சிடுதலும் அங்கே தனித் தொழிலாக வளர்ந்தது.

துணித்தொழிலில் புதுச்சேரிக்கும் நீண்ட வரலாறு உண்டு. பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் அவுரிச் சாயம் தோய்த்த நீலத்துணி இங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்கு ஏற்றுமதியானது. 1898இல் நிறுவப்பட்டு, பின்னர் ஆங்கிலோ-பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ் என்று அறியப்பட்ட ஆலை 2020இல் மூடப்பட்டது. ஆலைத்தொழில் மங்கிய பின், வெளியூரில் தைத்து வரும் வெற்று டி-ஷர்ட்டை வாங்கி அதில் அச்சிட்டுத் தரும் சிறுதொழிலே இங்கு எஞ்சியிருக்கிறது. அத்தொழிலின் முதல் படி கணினியில் வரையும் வடிவம்.

திரை அச்சு கேட்கும் வடிவம்

மென்பொருள் தேர்வைப் புரிந்துகொள்ள, அச்சிடும் முறையை அறிவது தேவை. டி-ஷர்ட்டில் நெடுங்காலம் கையாளப்பட்டு வருவது ஸ்கிரீன் பிரிண்டிங் எனப்படும் திரை அச்சு. இங்கிலாந்தின் மான்செஸ்டரைச் சேர்ந்த சாமுவேல் சைமன் 1907இல் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

ஒரு சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய வலைத்துணியின்மேல் ஒளிபட்டால் இறுகும் பசையைப் பூசுவார்கள். வடிவத்தைக் கறுப்பு மையில் அச்சிட்ட ஒளிபுகும் ஃபிலிமை அதன்மேல் வைத்து ஒளி பாய்ச்சுவார்கள். ஒளிபட்ட இடத்தில் பசை இறுகும். கறுப்பு மறைத்த இடத்தில் இறுகாது. தண்ணீரில் கழுவினால் இறுகாத பகுதி கரைந்து, எழுத்தும் படமும் திறந்த துளைகளாக நிற்கும். அத்துளைகள் வழியே ரப்பர் பட்டையால் மையைத் தள்ளினால் துணியில் வடிவம் பதியும்.

இம்முறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தனித் திரை வேண்டும். மூன்று நிறம் என்றால் மூன்று ஃபிலிம், மூன்று திரை. ஆகவே அச்சகத்தார் எதிர்பார்ப்பது இரண்டு: நிறங்களைத் தனித்தனியாகப் பிரிக்க இயலவேண்டும், எழுத்தின் ஓரம் எந்த அளவுக்குப் பெரிதாக்கினாலும் கூர்மையாக இருக்கவேண்டும்.

கணினி வரைகலையில் இரண்டு வகைகள் உண்டு. ஒன்று, படத்தைச் சிறு புள்ளிகளின் தொகுப்பாகச் சேமிப்பது. ஒளிப்படங்கள் இவ்வகை. இதைப் பெரிதாக்கினால் ஓரங்கள் படிக்கட்டுபோல் உடையும். மற்றொன்று, கோடுகளையும் வளைவுகளையும் கணித வரையறைகளாகச் சேமிக்கும் வெக்டார் முறை. தமிழில் திசையன் வரைகலை எனப்படும். இதை விரல் நகத்தளவிலிருந்து சுவரளவுக்குப் பெரிதாக்கினாலும் ஓரம் சிதையாது. திரை அச்சுக்கு ஏற்றது இரண்டாவது வகையே.

மென்பொருள்களின் வருகை

கணினி வருமுன் ஓவியர்கள் ஒளிபுகும் தாளில் எழுத்தைக் கையால் வரைந்து கொடுத்தார்கள். அச்சுக்கூடங்களில் ஈய எழுத்துகள் இருந்தன. 19ஆம் நூற்றாண்டில் தமிழ்-பிரெஞ்சு அகராதியை வெளியிட்ட புதுச்சேரி மிஷன் அச்சகம் போன்ற இடங்களில், எந்த எழுத்துத் தொகுதி அச்சகத்தில் இருந்ததோ அந்த வடிவில்தான் நூல் வரும். கருவி எதைத் தருகிறதோ அதற்குள் எழுத்து அடங்கவேண்டும் என்ற நிலை கணினிக்கு முன்பே இருந்தது.

அடோபி நிறுவனத்தின் இல்லஸ்ட்ரேட்டர் 1987இலும், கனடாவின் கோரல் நிறுவனத்தின் கோரல்டிரா 1989இலும், ஃபோட்டோஷாப் 1990இலும் வெளிவந்தன. இல்லஸ்ட்ரேட்டரும் ஃபோட்டோஷாப்பும் முதலில் ஆப்பிளின் மெக்கின்டோஷ் கணினிக்காக உருவானவை. கோரல்டிரா தொடக்கம் முதலே விண்டோஸில் ஓடியது. இந்தியாவில் பெருவாரியாகப் பரவியவை விலை குறைந்த விண்டோஸ் கணினிகளே. எனவே டிடிபி எனப்படும் கணினி அச்சுக்கோப்பு மையங்களிலும் திரை அச்சுப் பட்டறைகளிலும் திருமண அழைப்பிதழ் முதல் டி-ஷர்ட் வரை எல்லாவற்றுக்கும் கோரல்டிராவே பொதுக் கருவியாயிற்று. ஒளிப்படம் கலந்த வடிவங்களுக்கு ஃபோட்டோஷாப் துணை நின்றது.

இந்தப் பரவலில் ஒரு குறையும் இருந்தது. சிறு பட்டறைகள் பலவற்றில் உரிமம் பெறாத படிகளே ஓடின. மாணவர்களும் அவற்றிலேயே பழகினார்கள். கற்ற கருவியைத் தொழிலில் முறைப்படி வாங்க முயலும்போதுதான் அதன் விலை பலருக்குத் தெரியவந்தது.

எழுத்துருக் குழப்பம்

அக்காலக் கணினிகள் ஓர் எழுத்துருவில் 256 இடங்களையே அறிந்திருந்தன. தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என எழுத்துகள் 247. இவற்றுள் பலவற்றைக் கொம்பு, கால், விசிறி முதலிய துணைக்குறிகளைக் கொண்டு அமைக்கலாம் என்பதால், ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களைப் பொருத்தி எழுத்துரு செய்தார்கள். ஆனால் எந்த வடிவம் எந்த இடத்தில் என்பதில் ஒவ்வொரு தயாரிப்பாளரும் ஒவ்வொரு வழியில் சென்றனர்.

விளைவு எளிதில் விளங்கும். பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று தட்டிய கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கிலச் சிற்றெழுத்துகள் நான்கும் ஓர் அரைப்புள்ளியும் மட்டுமே தெரியும். கோரல்டிராவுக்கு இதுபற்றிக் கவலையில்லை. அது ஆங்கில எழுத்தை வரைவதாகவே எண்ணிக்கொண்டு, எழுத்துரு காட்டிய தமிழ் வடிவத்தை வரைந்தது. திரையில் தமிழ் சரியாக வந்தது; கோப்பினுள் தமிழ் இல்லை.

கோப்பு ஊர்விட்டு ஊர் போகும்போது வரும் இக்குழப்பத்துக்குப் பட்டறைகள் கண்ட தீர்வு ‘கர்வ் செய்தல்’. எழுத்தை எழுத்தாக வைக்காமல் வெறும் வளைகோடுகளாக மாற்றி அனுப்புவது இது. இதன்பின் எந்தக் கணினியிலும் வடிவம் மாறாது. ஆனால் எழுத்துப்பிழை கண்ணில் பட்டாலும் திருத்த முடியாது. ஒற்று விடுபட்டிருந்தால் மூலக்கோப்பைத் தேடிப்பிடிக்கவேண்டும். அதைத் தட்டிய எழுத்துருவும் கிடைக்கவேண்டும். ஒருமுறை திரை எடுத்துவிட்டால் நூறு சட்டையிலும் அதே பிழைதான்.

இக்குழப்பத்தைத் தீர்க்க 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. அதன் தொடர்ச்சியாகத் தமிழ்நாடு அரசு டாம், டாப் ஆகிய குறியாக்கங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது. இணையத்தில் தமிழ் வளர்த்தவர்கள் டிஸ்கி என்னும் இன்னொரு குறியாக்கத்தைக் கையாண்டனர். ஒழுங்கு ஓரளவு வந்தது. ஆயினும் பட்டறைகளில் பழைய எழுத்துருக்களே தொடர்ந்தன.

ஒருங்குறியும் உடைந்த எழுத்தும்

உலக மொழிகள் அனைத்துக்கும் ஒரே குறியாக்கம் என்ற நோக்கத்தில் உருவான யூனிகோடு, தமிழில் ஒருங்குறி எனப்படுகிறது. 1991இல் வெளிவந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட பகுதி ஒதுக்கப்பட்டது. விண்டோஸ் 2000 இயங்குதளம் லதா எழுத்துருவுடன் ஒருங்குறித் தமிழைக் காட்டியது. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும், எல்லா எழுத்துக்கும் தனி இடம் தரும் டேஸ் 16 குறியாக்கத்தையும் ஏற்று ஆணையிட்டது.

ஒருங்குறியில் ‘பெ’ என்பது முதலில் ‘ப’, அடுத்து எகரக் குறி என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது அந்தக் கொம்பை ‘ப’வுக்கு முன்னால் நகர்த்திக் காட்டவேண்டியது மென்பொருளின் பொறுப்பு. ‘கொ’ என்றால் கொம்பு முன்னும் கால் பின்னும் பிரிந்து நிற்கவேண்டும். இவ்வேலையைச் செய்யத் தெரியாத மென்பொருளில் கொம்பு பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். சில இடங்களில் புள்ளி வட்டம் தோன்றும். மின்னஞ்சலிலும் இணையத்திலும் ஒழுங்காகத் தெரிந்த அதே வாசகம், வரைகலை மென்பொருளில் ஒட்டியதும் உடைந்ததற்குக் காரணம் இதுவே.

பெரிய மென்பொருள்களில் இந்தத் திறன் தாமதமாகவே வந்தது. 2012இல் வெளியான கோரல்டிரா எக்ஸ்6 ஆசிய, மத்திய கிழக்கு மொழிகளின் சிக்கல் எழுத்துகளை அமைக்கும் வசதியைத் தந்தது. அதே ஆண்டில் அடோபியின் இன்டிசைன் சிஎஸ்6 இந்திய மொழிகளைக் கையாளத் தொடங்கியது. ஃபோட்டோஷாப்பிலும் இல்லஸ்ட்ரேட்டரிலும் எழுத்தமைப்புப் பகுதியில் தெற்காசிய மொழிகளுக்கான தெரிவை இயக்கினால் தமிழ் சரியாக வரும். இந்தத் தெரிவு இருப்பதை அறியாமல், பதிப்பு புதிதாக இருந்தும் எழுத்து உடைகிறது என்று பழைய எழுத்துருவுக்கே திரும்பியவர்கள் பலர். அவர்களுக்குக் கைகொடுத்தவை ஒருங்குறி வாசகத்தைப் பழைய குறியாக்கத்துக்கு மாற்றித்தரும் என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றிகள்.

2020ஆம் ஆண்டின் வாசகங்கள்

தமிழ் எழுத்துக்கு டி-ஷர்ட்டில் உள்ள இடத்தை நாடறியச் செய்த நிகழ்வு 2020 செப்டம்பரில் நடந்தது. இசையமைப்பாளர் யுவன் சங்கர் ராஜா தாம் தமிழ் பேசும் இந்தியர் என்று ஆங்கிலமும் தமிழும் கலந்து சொல்லும் டி-ஷர்ட்டையும், நடிகர் ஷிரிஷ் ‘ஹிந்தி தெரியாது போடா’ என்ற வாசகம் கொண்ட டி-ஷர்ட்டையும் அணிந்து நின்ற படம் சமூக ஊடகங்களில் பரவியது. மொழி குறித்த விவாதம் சூடாக இருந்த நேரம் அது. திருப்பூரில் இத்தகைய வாசகங்கள் அச்சிட்ட டி-ஷர்ட்டுகளுக்கு ஆர்டர்கள் குவிந்ததாகச் செய்திகள் வெளியாயின.

விவாதத்தில் எவர் எப்பக்கம் நின்றாலும், வடிவமைப்பு நோக்கில் இந்நிகழ்வு ஒன்றைக் காட்டுகிறது. அந்தச் சட்டைகளில் சிறப்பான படம் ஏதுமில்லை, எழுத்துதான் வடிவம். இத்தகைய சட்டையில் ஓர் எழுத்து உடைந்தால் சொல்லவந்த செய்தியே கேலிக்குள்ளாகும்.

சந்தாவும் கட்டற்ற மென்பொருளும்

2013இல் அடோபி தன் மென்பொருள்களை ஒருமுறை விலைக்கு விற்பதிலிருந்து விலகி, கிரியேட்டிவ் கிளவுட் என்னும் சந்தா முறைக்கு மாறியது. சந்தா நின்றால் மென்பொருளும் நிற்கும். 2023 ஜனவரியில் பழைய டைப் 1 வடிவ எழுத்துருக்களுக்கான ஆதரவையும் அது நிறுத்தியது. இவ்வாறு, ஒருகாலத்தில் விலைகொடுத்து வாங்கிய எழுத்துரு பிற்காலத்தில் பயனற்றுப் போவதும் உண்டு.

மறுபுறம் கட்டற்ற மென்பொருள்கள் வளர்ந்து வந்தன. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இரு மாணவர்கள் தொடங்கிய கிம்ப் 1996இல் வெளியானது, இது புள்ளிப்படங்களுக்கானது. திசையன் வரைகலைக்கான இங்க்ஸ்கேப் 2003இல் தோன்றி, 2020இல் 1.0 பதிப்பை எட்டியது. இங்க்ஸ்கேப்பின் இயல்பான கோப்புவகை எஸ்விஜி. இது 2001இல் உலகளாவிய வலைச் சேர்த்தியம் வெளியிட்ட பொதுத்தரம். எந்த ஒரு நிறுவனத்துக்கும் சொந்தமானதன்று.

தமிழர்கள் கவனிக்கவேண்டியது இன்னொன்று. இம்மென்பொருள்கள் எழுத்தை அமைக்கப் பாங்கோ, ஹார்ஃப்பஸ் ஆகிய பொது நிரல்தொகுப்புகளைப் பயன்படுத்துகின்றன. கொம்பையும் காலையும் உரிய இடத்தில் வைக்கும் வேலையை இவை செய்கின்றன. ஆகவே தனித் தெரிவு எதையும் தேடாமல் ஒருங்குறித் தமிழை நேரே தட்டலாம். தமிழுக்கு நல்ல சந்தை இருக்கிறதா என்ற வணிகக் கணக்கு இங்கே குறுக்கிடுவதில்லை.

எழுத்துருவிலும் நிலை மாறியது. நோட்டோ சான்ஸ் தமிழ், மீரா இனிமை, கட்டமரன், முக்தா மலர், ஹிந்த் மதுரை, பலூ தம்பி, கவிவனார், பவனம் போன்ற ஒருங்குறி எழுத்துருக்கள் திறந்த எழுத்துரு உரிமத்தில் கிடைக்கின்றன. இவற்றைக் கொண்டு டி-ஷர்ட் அச்சிட்டு விற்கவும் தடையில்லை.

இங்க்ஸ்கேப்புக்கும் கிம்ப்புக்கும் குறை இல்லாமலில்லை. அச்சகங்கள் கேட்கும் நால்வண்ணப் பிரிப்பில் இவை நெடுங்காலம் பின்தங்கியிருந்தன. அதற்கு ஸ்கிரைபஸ் என்னும் பக்க அமைப்பு மென்பொருளைத் துணைக்கொள்வார்கள். 2024இல் வெளியான அதன் 1.6 பதிப்பு சிக்கல் எழுத்துகளையும் கையாளுகிறது. ஆனால் இரண்டு மூன்று தனி நிறங்கள் மட்டும் கொண்ட டி-ஷர்ட்டுக்கு நால்வண்ணப் பிரிப்பு தேவையில்லை. ஒவ்வொரு நிறத்தையும் ஒவ்வோர் அடுக்கில் வைத்து, அடுக்கடுக்காகக் கறுப்பில் அச்செடுத்தால் ஃபிலிம் தயார்.

காலாப்பட்டுச் சூழல்

காலாப்பட்டு, புதுச்சேரி நகருக்கு வடக்கே ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ளது. 1985இல் நிறுவப்பட்ட புதுச்சேரிப் பல்கலைக்கழகம் இங்கே இருக்கிறது. அரசு சட்டக் கல்லூரியும் இங்குண்டு. அருகிலுள்ள பிள்ளைச்சாவடியில் இயங்கிய பொறியியல் கல்லூரி 2020இல் புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது.

இத்தகைய வளாகங்களில் டி-ஷர்ட் தேவை பெரும்பாலும் சிறு எண்ணிக்கையில் எழுகிறது. ஒரு வகுப்பு, ஒரு விளையாட்டு அணி, ஒரு விழாக்குழு என்று முப்பது, நாற்பது சட்டைகள் போதும். வடிவமைப்பவர் தொழில்முறை ஓவியர் அல்லர்; வகுப்பில் கணினி தெரிந்த ஒருவர். பணமும் குறைவு, நாளும் குறைவு. அவருக்கு உரிமம் பெற்ற விலையுயர்ந்த மென்பொருள் எட்டாது; உரிமமற்ற படியை நாடுவது முறையன்று, நச்சுநிரல் ஆபத்தும் உண்டு.

இந்த இடைவெளியைக் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் நிரப்ப முயல்கின்றனர். புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கமும், அண்டை மாவட்டமான விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழுவும் மாணவர்களிடையே இயங்கி வருகின்றன. 2012 முதல் வெளிவரும் கணியம் மின்னிதழ் இத்தகைய மென்பொருள்கள் பற்றித் தமிழிலேயே எழுதுகிறது.

புதிய அச்சு, புதிய தேர்வு

டிடிஎஃப் எனப்படும் முறை 2020ஐ ஒட்டிய ஆண்டுகளில் பரவியது. வடிவத்தைச் சிறப்பு ஃபிலிமில் பல வண்ணத்தில் அச்சிட்டு, பசைத்தூள் தூவி, வெப்ப அழுத்தியால் துணியில் ஒட்டுவது இது. திரை எடுக்கும் செலவு இல்லாததால் ஒரே ஒரு சட்டைகூட அச்சிடலாம். நிறம் பிரிக்கவும் வேண்டியதில்லை. இதனால் புள்ளிப்பட மென்பொருள்களுக்கும், 2013இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய கான்வா போன்ற இணையக் கருவிகளுக்கும், கைப்பேசிச் செயலிகளுக்கும் இடம் பெருகியது.

இங்கே புதிய தவறு ஒன்று நேர்கிறது. 12 அங்குல அகலமுள்ள அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்றால் 3,600 புள்ளி அகலம் வேண்டும். சமூக ஊடகத்துக்காகச் செய்த 1,080 புள்ளி அகலப் படத்தில் அங்குலத்துக்கு 90 புள்ளிகளே கிடைக்கும். அதை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இன்னும் சுருங்கும். திரையில் அழகாக இருந்தது துணியில் மங்கலாக விழுவதற்கு இதுவே காரணம். கோப்பை ஆவணமாக அனுப்பினால் இந்த இழப்பு நேராது.

தேர்வுக்கான சோதனைகள்

கடந்த முப்பது ஆண்டு அனுபவத்திலிருந்து மென்பொருள் தேர்வுக்குச் சில எளிய சோதனைகளை வகுக்கலாம்.

1. எழுத்துச் சோதனை: ‘பெண்’, ‘கொடி’, ‘போட்டி’, ‘கௌரவம்’, ‘ஸ்ரீ’ ஆகியவற்றை ஒருங்குறியில் தட்டிப் பார்க்கவேண்டும். ஒன்று உடைந்தாலும், தெரிவுகளைச் சரிசெய்த பின்னரே வேலையைத் தொடங்கவேண்டும்.

2. அச்சுச் சோதனை: திரை அச்சு என்றால் திசையன் மென்பொருள், முழுவண்ண டிடிஎஃப் என்றால் உரிய புள்ளி அளவில், பின்னணி நீக்கிய படம் தரும் மென்பொருள். அச்சகத்தாரிடம் எந்தக் கோப்பு வேண்டும் என்று கேட்டபின் தேர்ந்தெடுப்பது நலம்.

3. உரிமச் சோதனை: மென்பொருள், எழுத்துரு, படம் மூன்றையும் விற்பனைப் பொருளில் பயன்படுத்த இசைவு உண்டா என்று பார்க்கவேண்டும்.

4. காலச் சோதனை: ஐந்தாண்டு கழித்து அடுத்த அணியினர் அதே வடிவத்தைத் திறந்து ஆண்டை மட்டும் மாற்ற இயலுமா? எழுத்தை எழுத்தாகவே வைத்த மூலக்கோப்பு ஒன்றும், கர்வ் செய்த அச்சுக்கோப்பு ஒன்றும் எனத் தனித்தனியாகச் சேமித்தால் இது இயலும்.

முதல் மூன்றும் அன்றைய வேலைக்கானவை. நான்காவதே பெரும்பாலும் மறக்கப்படுகிறது. 1990களிலும் 2000களிலும் உருவான எண்ணற்ற தமிழ் வடிவங்கள், எழுத்துரு தொலைந்ததால் இன்று திறந்தாலும் படிக்க இயலாதவையாகக் கிடக்கின்றன. அவற்றை வரைந்தவர்களுக்குத் திறமை குறைவில்லை; அவர்கள் கையில் இருந்த கருவிக்குத் தமிழ் தெரியாது. இன்றைய மாணவருக்குத் தமிழ் தெரிந்த கருவிகள் விலையின்றியே கிடைக்கின்றன. அச்சுக்கு அனுப்புமுன் வாசகத்தை இன்னொருவரிடம் கொடுத்து ஒருமுறை படிக்கச் சொல்லும் வேலை மட்டும் எந்த மென்பொருளிலும் இல்லை. அதை மனிதர்தாம் செய்யவேண்டும்.